கொலைகாரன் இல்லாத க்ளைமாக்ஸ்

அத்தியாயம் 17

தனப்பிரியா அந்த ஸ்டேப்ளர் பின்னைப் பிரித்தது தப்பு என்று சென்ற வாரம் ஏழெட்டு வாசகிகள் எனக்கு வாட்ஸ்அப்பில் திட்டி அனுப்பியிருந்தீர்கள். அப்பா 'ரகசியம்' என்று எழுதிக் குத்தி வைத்த பக்கங்களை, மகளே ஆனாலும் பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிரிக்கக் கூடாதுதான். ஆனால் அவள் அந்தப் படத்தின் உதவி இயக்குநர். விடிந்தால் க்ளைமாக்ஸ். நாளைக்கு யாருக்கு விலங்கு மாட்டுவது, எந்தச் சட்டையில் மாட்டுவது என்று உடை பார்க்கிறவர் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நீங்களாக இருந்தாலும் பிரித்திருப்பீர்கள்.

நூற்றொன்பதாம் பக்கம் முதல் நூற்றிருபது வரை. பன்னிரண்டு தாள். பன்னிரண்டும் வெள்ளை.

காலை ஆறரைக்குக் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த அப்பாவின் முன்னால் அந்த ஃபைலைத் திறந்து வைத்தாள். ஜெகதீஸ்வரன் அதைப் பார்த்தார். பிறகு காப்பியைப் பார்த்தார்.

"கொலைகாரன் ஆருங்கப்பா?"

"சாயந்தரத்துக்குள்ள சொல்லிடறன் சாமி."

"தெரிஞ்சு சொல்லாம இருக்கறீங்களா, இல்லை தெரியவே தெரியாதா?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "தெரியாது," என்றார், மெதுவாக.

புதிதாகச் சேர்ந்து வாசிக்கிறவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிற்கிறேன். பரமத்தி வேலூர் ஜெகதீஸ்வரன், 'வேலூர் ஜெகா' என்ற பெயரில் இருநூற்றுப் பதினான்கு மாத நாவல்கள் எழுதியவர். பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, அட்டையில் ஒரு பெண் அலறிக்கொண்டிருப்பாளே, அந்த நாவல்கள். அவர் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு. முதல் அறுபது பக்கத்தை எழுதி, சேலம் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே அச்சேறிக்கொண்டிருக்கும்போதுதான் இங்கே மீதியை எழுதுவார். பஸ்ஸில் போன பக்கத்தைத் திருத்த முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே எல்லார் மேலும் சந்தேகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் தடவி வைத்துவிட்டு, கடைசிப் பக்கங்களுக்கு உட்காரும்போது யார் வசமாக மாட்டுகிறாரோ அவரைப் பிடித்து உள்ளே தள்ளுவார். இருநூற்றுப் பதினான்கு முறையும் யாரோ ஒருவர் மாட்டினார்.

சினிமாவிலும் மாட்டுவார் என்று நம்பி முப்பது நாள் படம் எடுத்துவிட்டார். வாரா வாரம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

நாவல் விற்பனை படுத்த பிறகு சென்னைக்குப் போனார். பத்து வருஷம் மற்றவர்கள் படத்துக்குக் கதை பேசினார், வசனம் எழுதினார். நன்றி சொல்லும் பட்டியலில், கேட்டரிங் காண்டிராக்டருக்குக் கீழே, அவர் பெயர் ஓடி மறையும். ஐம்பத்து நாலு வயதில் இதுதான் அவர் இயக்கும் முதல் படம். 'இயக்கம்' என்று தனி எழுத்தில் அவர் பெயர் வரப்போகிறது. வந்தால்.

ஏன் வந்தால் என்றால், இன்ஸ்பெக்டராக நடிக்கும் கதாநாயகர் இன்று மாலை கிளம்புகிறார். அடுத்த படத்துக்கு மொட்டை போடுகிறார். அவருக்கு முடி வளர்ந்து, மறுபடி தேதி கிடைப்பது என்பதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. இன்று பொழுது சாய்வதற்குள் கொலைகாரன் கிடைக்காவிட்டால் படமே இல்லை.

சமையல்கட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரனின் மனைவி சௌந்திரம் இட்லித் தட்டோடு வந்தாள். அந்த இருநூற்றுப் பதினான்கையும் அவர் சொல்லச் சொல்ல எழுதியது அவள் கைதான்.

"ஆர வேணும்னாலும் போடுங்க," என்றாள். "அந்த ரெண்டாம் பொண்டாட்டிய மட்டும் போட்டுறாதீங்க. பாவம், அவளுக்குப் படம் பூராவுமே ஆரும் இல்லை."

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெற்றிலை வியாபாரி, தன் கொடிக்காலுக்குள்ளேயே செத்துக் கிடக்கிறார். சந்தேகம் நாலு பேர் மேல். ரெண்டாம் மனைவி, கணக்கர், கூட்டு வியாபாரி, அப்புறம் அண்ணன் மகன் கதிர். கதிர் பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போய், இருபது வருஷம் கழித்து பம்பாயிலிருந்து திரும்பி வந்தவன்.

கொலைகாரன் யார் என்று இயக்குநர் வாயைத் திறக்காததால், நாலு நடிகர்களும் தாங்கள்தான் கொலைகாரர் என்று தனித்தனியாக முடிவு கட்டி, முப்பது நாளாக அதற்கேற்ற மாதிரி ஓரக்கண்ணால் பார்த்து நடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கராக நடித்தவர் கை கழுவும்போதெல்லாம் ரொம்ப நேரம் கழுவினார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒன்பது மணிக்கு யூனிட் கொடிக்காலில் இறங்கியது, சௌந்திரமும் கூடவே. காவிரிக் கரைக்கு இரண்டு வயல் தள்ளி, அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடி ஏறி நிற்கிற ஒன்றரை ஏக்கர். சௌந்திரத்தின் அண்ணன் சென்னியப்பனுடையது.

சென்னியப்பன் தங்கை வீட்டுக்காரரோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. பழைய வாசகர்களுக்குக் காரணம் தெரியும், ஆனாலும் அதை மறுபடி சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. ஒருநாள் ஜெகதீஸ்வரனுக்கு நாவலில் பிணத்துக்கு ஒரு பெயர் அவசரமாக வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் ஒரு தார் பூவன் பழத்தோடு வாசலில் வந்து நின்றார். மூன்றாம் பக்கத்தில், 'கரூர் பைபாஸ் ஓரம் சென்னியப்பன் பிணமாகக் கிடந்தான்' என்று பஸ் ஏறிவிட்டது. புத்தகம் கடைக்கு வந்த வாரம் சென்னியப்பன் வீட்டில் காதுகுத்து. ஒறம்பரை, சொந்தக்காரர் அத்தனை பேரும், படித்துவிட்டு வந்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்த்து, பொணம் எலை போட்டு உக்காந்துருச்சு என்று எவனோ சொல்ல, பந்தியே சிரித்தது. அன்றைக்குப் போன பேச்சு.

கொடிக்காலைப் படத்துக்குக் கொடுத்ததுகூட தங்கச்சி முகத்துக்காகத்தான். ஷூட்டிங் நடக்கிற நேரம் அந்தப் பக்கமே அவர் வரமாட்டார்.

காலை முழுக்க ஜெகதீஸ்வரன், யார் கொலைகாரனாக இருந்தாலும் பழுதில்லாத ஷாட்டாக எடுத்துத் தள்ளினார். இன்ஸ்பெக்டர் நடக்கிறார். இன்ஸ்பெக்டர் ஒரு இலையைத் தொட்டுப் பார்க்கிறார். நாலு பேரும் வரிசையாக நிற்கிறார்கள். அடுத்தது என்ன என்று ஒளிப்பதிவாளர் இரண்டு முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தது. தனப்பிரியா ஓடிப்போய் அவருக்கு மோர் கொடுத்தாள்.

பதினொரு மணிக்குத் தயாரிப்பாளர் கந்தப்பன் மனைவியோடு வந்து குடைக்கடியில் உட்கார்ந்தார். திருச்செங்கோட்டுக்காரர், ஆறு போர்வெல் வண்டி வைத்திருப்பவர். இருபது வயதில் ரிக் வண்டியோடு ராஜஸ்தான் போனபோது, பேச்சுத் துணைக்கு அவரிடம் இருந்தது வேலூர் ஜெகா நாவல் ஒரு சாக்கு. அந்த நன்றிக்காகவே இந்தப் படத்தை எடுக்கிறார்.

"கொலைகாரன் ஆருன்னு என்றகிட்டச் சொல்லிப் போடாதீங்க சார்," என்றார். "கண்ணுல பாத்துத் தெரிஞ்சுக்கோணும். அதுக்குத்தான் இவளையும் கூட்டியாந்தேன்."

ஜெகதீஸ்வரன் சிரித்தார். அந்தச் சிரிப்பை இரண்டு அகத்தி மரம் தள்ளி நின்று மகள் பார்த்தாள். மணியையும் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு மொபெட் வந்து நின்றது. சென்னியப்பன். கையில் செல்போன். வாய்க்கால் மேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தங்கையிடம் வந்தார். ஜெகதீஸ்வரன் கை எட்டும் தூரத்தில்தான் நின்றார், ஆனாலும் அங்கே ஆளே இல்லாத மாதிரிப் பேசினார்.

"சௌந்திரம், உன்ற ஊட்டுக்காரருகிட்டச் சொல்லு. கேமராவக் கட்டிக்கிட்டு இந்தச் சணமே கெளம்பச் சொல்லு."

செல்போனை நீட்டினார். ஷூட்டிங் இன்றோடு முடிகிறது என்று, கூட்டத்தில் நிற்க வந்த உள்ளூர்க்காரர் ஒருவர் பழைய படங்களை எல்லாம் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். மூன்றாம் நாள் எடுத்த காட்சி. பிணத்தைச் சுற்றி முப்பது பேர். இருபத்தொன்பது பேர் வெறுங்கால். ஒருவன் காலில் மட்டும் செருப்பு.

வேலூரில் யாரும் செருப்போடு கொடிக்காலுக்குள் போவதில்லை. கொடி வாடும் என்பார்கள். கொள்முதலுக்கு வருகிற பெரிய வியாபாரியானாலும் வாய்க்கால் மேட்டில் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார். சென்னையிலிருந்து வந்த யூனிட்டுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்கள். கதிராக நடித்த சிவபிரகாஷ் மூன்றாம் நாள்தான் வந்தான். கார் தாமதம். இறங்கியவனை அப்படியே ஓடச் சொன்னார்கள், ஓடினான். மானிட்டரில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் காலைக் கவனிக்கவில்லை. இத்தனைக்கும் அவர் இந்த ஊரில் பிறந்தவர்.

தப்புத்தான் என்று ஜெகதீஸ்வரன் சொன்னார். மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார். பரிகாரம் எதுவானாலும் செய்கிறோம், இன்று ஒரு நாள் மட்டும் விடச் சொல்லு என்றார். சௌந்திரம் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் காவிரியைப் பார்த்தார்.

சிவபிரகாஷ் கைகூப்பிக்கொண்டு ஓடி வந்தான். நல்ல பையன். "மன்னிச்சிருங்க சார், எனக்குத் தெரியாது. நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் மெட்ராஸ்."

அவனிடம் பேசுவதற்குச் சென்னியப்பனுக்குத் தடை ஏதும் இல்லை. பதினோரு வருஷப் பேச்சையும் அவன் தலையில் இறக்கினார்.

"நீ இந்த ஊட்டுப் பையனா நடிக்கறயாமா? இந்தக் கொடிக்கால்ல பொறண்டு வளந்தவனாமா? கேட்டுக்க. இங்க பன்னண்டு வயசு வரைக்கும் இருந்தவன், பம்பாய் இல்ல, எந்தச் சீமைக்குப் போயிட்டு வந்தாலும், வாய்க்கா மேட்டக் கண்டாக் காலு தானாச் செருப்பக் கழட்டும். ஆரும் சொல்ல வேண்டியதில்லை. கழட்டலீன்னா அவன் அந்தப் பையனே கெடையாது. வேற எவனோ, அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு வந்திருக்கறான்."

ஜெகதீஸ்வரன் அப்படியே ஈரப் பாத்தியில் உட்கார்ந்துவிட்டார்.

தயாரிப்பாளரின் மனைவி, வெயிலுக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு எழுந்தார். மயக்கம் இல்லை. அந்த முகத்தைச் சௌந்திரத்துக்குத் தெரியும். இருநூற்றுப் பதினான்கு முறை பார்த்த முகம்.

"மாட்டிட்டானுங்களா?" என்றாள்.

"மாட்டிட்டான்," என்றார் அவர்.

தனப்பிரியா லேப்டாப்பைத் திறந்து மூன்றாம் நாள் காட்சியை ஓட்டினாள். அழகுக்காக ஒளிப்பதிவாளர் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, ஓடி வருகிற கால்களை மட்டும் ஒரு ஷாட் எடுத்திருந்தார். வெறுங்கால், வெறுங்கால், வெறுங்கால், செருப்புக்கால். திரையில் பச்சையாகத் தெரிந்தது. ஓடிப்போன கதிர் வேறு, வந்திருக்கிற கதிர் வேறு. வியாபாரிக்கு அது தெரிந்துபோனது, அதனால் செத்தார். மற்ற காட்சிகளை எல்லாம் அவள் மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட இடிக்கவில்லை. இதை முதலிலேயே யோசித்து வைத்தோம் என்று நாளைக்குப் பேட்டியில் அப்பா கூசாமல் சொல்லுவார் என்பதும் தெரிந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிப்பதிவாளருக்கு இன்னொரு மோர் கொடுத்தாள்.

கொலைகாரன் கிடைத்துவிட்டான். ஆனால் கொடிக்கால் போய்விட்டதே.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவன் செருப்பைக் கவனித்து அந்த வார்த்தையைச் சொல்ல, படத்தில் ஓர் ஆள் வேண்டும். மெட்ராஸ் இன்ஸ்பெக்டர் சொன்னால் எடுபடாது. கொடிக்கால்காரர்தான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு நடிகர் படத்தில் கிடையாது. அந்த வார்த்தையை இப்போதுதான் ஒருவர் சொல்லி முடித்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"உங்கண்ணனக் கேளு," என்றார் ஜெகதீஸ்வரன்.

சௌந்திரம் அண்ணனைத் தனியே கூட்டிப்போனாள். என்ன பேசினாள் என்று என்னிடமும் சொல்லவில்லை. வாழை மறைவில் கால் மணி நேரம். நடுவில் ஒரு முறை அவள் குரல் உயர்ந்தது, ஒரு முறை அவர் மூக்கைத் துடைத்தார். திரும்பி வந்து சாமி கும்பிட்டுத் தேங்காய் உடைக்கச் சொன்னார். சிவபிரகாஷை வாய்க்காலில் கால் கழுவி, மண்ணைத் தொட்டு வணங்கச் சொன்னார். எல்லாம் நடந்தது. அப்புறம் தங்கையிடம் திரும்பினார்.

"இதுலயாச்சும் என்னைய உசுரோட உடுவாரான்னு கேளு."

சௌந்திரம் இந்தப் பக்கம் திரும்பினாள். "கேட்டுச்சுங்களா?"

"படம் முடிஞ்சும் அவுரு நூறு வயசு வரைக்கும் இருப்பாருன்னு சொல்லு. பேரும் சென்னியப்பன்தான்னு சொல்லு."

"பேரு எதுக்கு?" என்று சென்னியப்பன் தங்கையிடம் முனகினார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்கு ஜெகதீஸ்வரன் வாழைமரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சௌந்திரம் மடியில் அந்த வெள்ளைத் தாள்களை வைத்து எழுத ஆரம்பித்தாள். பத்து வருஷமாக அவர் சென்னையில் தனியாகக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர். அவளோ இங்கே சும்மா இருந்தவள். இடையில் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தி, நல்லா இருக்குதா என்று கேட்டார். நல்லா இல்லை என்றாள். மாற்றினார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைத் தனப்பிரியா சின்ன வயதில் பார்த்ததோடு சரி.

இரண்டே முக்காலுக்கு ஒன்பது பக்கம் முடிந்தது. மூன்று தாள் வெள்ளையாகவே மிச்சம்.

இன்ஸ்பெக்டர் கதிருக்கு விலங்கு மாட்டும் ஷாட்டை முதலில் எடுத்தார்கள். நாலே காலுக்குக் கதாநாயகர் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். கேஸைத் துப்பறிந்து கண்டுபிடித்தது தானேதான் என்ற நினைப்பில் ஏறினார். கண்டுபிடிக்கப் போவது ஒரு கொடிக்கால்காரர் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. டப்பிங் அன்றைக்கு அவர் பார்ப்பார். அப்போது என்ன நடக்குமோ, அதை நினைத்தால் எனக்கே இப்போது பயமாக இருக்கிறது.

சென்னியப்பன் ஷாட்டுக்கு வெயில் சாயக் காத்திருந்தார்கள். மேக்கப் வேண்டாம் என்றுவிட்டார். துண்டு அவருடையது, வேட்டி அவருடையது. வசனத் தாளைத் தனப்பிரியா நீட்டியபோது, கண்ணாடி எடுத்து வரவில்லை என்றார். அவளுக்குக் கலக்கமாகிவிட்டது. ஐந்து மணி நாற்பது நிமிஷம். வெளிச்சம் ஒரு டேக்குக்குத்தான் தாங்கும் என்று ஒளிப்பதிவாளர் விரலைக் காட்டினார்.

"மாமா, மத்தியானம் பேசுனீங்கல்ல, அதையே பேசுங்க. போதும்," என்றாள்.

"அது கோவத்துல பேசுனது அம்மிணி."

"இப்பவும் கோவம் இருக்குமில்லீங்க மாமா, கொஞ்சம்?"

சென்னியப்பன், மானிட்டர் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். "இருக்குது," என்றார்.

ஆக்‌ஷன்.

எழுதிக் கொடுத்ததில் ஒரு வரியைக்கூட மனுஷன் தொடவில்லை. சிவபிரகாஷின் காலை ஒரு நிமிஷம் பார்த்தார். நிதானமாக ஆரம்பித்தார். செத்துப்போனவனை நான் தூக்கி வளர்த்தேன் என்றார். ஓடிப்போன பையன் இதே வாய்க்காலில் தலைகுப்புற விழுந்து, நான் இழுத்துப் போட்டேன் என்றார். இதெல்லாம் கதையிலேயே கிடையாது. காலு தானாக் கழட்டும் என்ற இடத்துக்கு வந்தபோது குரல் உடைந்தது. நிஜமாகவே பயந்து பின்வாங்கிய சிவபிரகாஷ் வாய்க்காலில் பொத்தென்று உட்கார்ந்தான். வேட்டியோடு உள்ளே இறங்கி, அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "எங்க பையன் எங்கடா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

கந்தப்பன் குடையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஃபோகஸ் பார்க்கிற பையன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். படம் முடிந்தது. வேலூர் ஜெகாவின் முதல் படம், வெளிச்சம் போவதற்கு நாலு நிமிஷம் முன்னால், முடிந்தேவிட்டது.

ஆனால் 'கட்' என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தனப்பிரியா அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் நின்ற சென்னியப்பனுக்கு அடுத்தது என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சௌந்திரம் எதிரில்தான் நின்றாள். அவளைக் கேட்கவில்லை. லென்ஸையும் தாண்டி, மானிட்டருக்குப் பின்னால் நேராகப் பார்த்தார்.

"போதுமுங்களா மாப்ளை? இல்ல, இன்னும் பேசட்டுங்களா?"

ஜெகதீஸ்வரன் எழுந்தார். கன்னம் இரண்டும் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பேசுங்க மச்சான்," என்றார். "பேசுங்க."